கம்பியை நசுக்குவதா, ஈயம் வைப்பதா?

ரோபோ ஓடவில்லை என்றால் முதலில் நிரலைச் சந்தேகிக்கிறோம். பிறகு மோட்டாரை. பிறகு பேட்டரியை. எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று தெரிந்த பின்னர், யாராவது ஒருவர் கம்பியைப் பிடித்து லேசாக ஆட்டிப் பார்ப்பார். ஆட்டும்போது சக்கரம் சுழலும். கையை எடுத்தால் நின்றுவிடும். கம்பியும் அதன் முனையில் உள்ள இணைப்பானும் சேரும் அந்த அரை சென்டிமீட்டர் இடத்தில்தான் கோளாறு.

அந்த இடத்தை எப்படி இணைப்பது என்பதில் இரண்டு கட்சிகள் உண்டு. சோல்டர் இரும்பைச் சுட வைத்து, ஈயத்தை உருக்கி ஒட்டுவதே உறுதி என்கிறது ஒரு கட்சி. உலோக முனையைக் கம்பியின் மேல் வைத்து, அதற்குரிய கருவியால் நசுக்கினால் போதும் என்கிறது மற்றொரு கட்சி. இப்படி நசுக்கி இணைப்பதைப் பட்டறைகளில் ‘கிரிம்ப்’ அடிப்பது என்பார்கள். இணையக் கம்பியின் முனையில் அந்தக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் இணைப்பானைப் பொருத்துவதை நீங்கள் பார்த்திருந்தால், கிரிம்ப் கருவியையும் பார்த்திருப்பீர்கள். மூன்றாவதாக ஒரு சமாதானக் கட்சியும் இருக்கிறது. “கிரிம்ப் அடி, அதன் மேல் கொஞ்சம் ஈயமும் வை. இரட்டைப் பலம்!” என்பது அதன் வாதம்.

என் கருத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். அசையும், அதிரும், இழுபடும் கம்பிகளுக்குக் கிரிம்ப்தான் சரி. மின்சுற்றுப் பலகையில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் பாகங்களுக்கு ஈயம்தான் சரி. சமாதானக் கட்சியின் வழி பல இடங்களில் இரண்டையும் கெடுத்துவிடும். ஆனால் கிரிம்புக்கு நான் கொடுக்கும் ஆதரவுக்கு ஒரு நிபந்தனை உண்டு: கம்பிக்கு ஏற்ற முனையும், முனைக்கு ஏற்ற கருவியும் இருக்க வேண்டும். சாதாரண பிளேயரால் அழுத்திவிட்டு அதையும் கிரிம்ப் என்று சொன்னால் நான் உங்கள் கட்சியில் இல்லை.

நசுக்கும்போது உள்ளே என்ன நடக்கிறது?

வளையக்கூடிய மின்கம்பியின் உறையை உரித்துப் பாருங்கள். உள்ளே பல மெல்லிய தாமிர இழைகள் இருக்கும். ஒவ்வோர் இழையும் உருண்டை. உருண்டையான பொருள்களை எவ்வளவு நெருக்கமாக அடுக்கினாலும் இடையில் சந்து இருக்கும். அந்தச் சந்தில் காற்றும் ஈரமும் நுழையும். தாமிரத்தின் மேல் ஆக்சைடு படலம் படியும். அந்தப் படலம் மின்சாரத்தை எளிதில் விடாது.

சரியான கிரிம்ப் கருவி அழுத்தும்போது, இழைகள் தங்கள் உருண்டை வடிவத்தை இழக்கின்றன. ஒன்றை ஒன்று நெருக்கித் தேன்கூட்டு அறைகளைப் போலப் பல பக்கங்கள் கொண்ட வடிவத்துக்கு வருகின்றன. சந்துகள் மறைகின்றன. உராய்வில் ஆக்சைடு படலம் கிழிந்து, சுத்தமான உலோகம் சுத்தமான உலோகத்தைத் தொடுகிறது. சில இடங்களில் இரண்டும் வெப்பமே இல்லாமல் ஒட்டிக்கொள்ளவும் செய்கின்றன. நல்ல கிரிம்பை வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தால் இழைகளுக்கு நடுவே இடைவெளி தெரியாது. காற்றுக்கும் நம் ஊர் ஈரப்பதத்துக்கும் உள்ளே வழியில்லை.

ரப்பரை அழுத்திவிட்டால் பழைய வடிவத்துக்குத் திரும்பும். அது மீள்தன்மை. களிமண்ணை அழுத்தினால் திரும்பாது. உலோகம் இரண்டுக்கும் இடைப்பட்டது. ஓர் எல்லை வரை ரப்பரைப் போல நடந்துகொள்ளும். எல்லையைத் தாண்டினால் களிமண்ணைப் போல நிரந்தரமாக வடிவம் மாறும். கிரிம்பில் இழைகளும் முனையும் எல்லையைத் தாண்டி வடிவம் மாறுகின்றன. கருவியை எடுத்த பிறகும் மிச்சமிருக்கும் அழுத்தம்தான் இணைப்பைப் பல ஆண்டுகள் இறுக்கிப் பிடிக்கிறது.

இதனால் அளவு முக்கியமாகிறது. குறைவாக அழுத்தினால் சந்து மிஞ்சும். கம்பி உருவிக்கொண்டு வரும். கூடுதலாக அழுத்தினால் இழைகள் நசுங்கி மெலிந்து, சில அறுந்தும் போகும். அளவுக்கு மிஞ்சினால் அமுதும் நஞ்சு என்பது இங்கே அப்படியே பொருந்தும். அதனால்தான் நல்ல கிரிம்ப் கருவியில் பற்சக்கரப் பூட்டு ஒன்று வைத்திருக்கிறார்கள். முழு அழுத்தத்தை எட்டும் வரை அதன் வாய் திறக்காது. உங்கள் கை வலிமையோ சோர்வோ முடிவை மாற்ற முடியாது.

ஈயத்தின் பலமும் பலவீனமும்

ஈயம் என்று பழக்கத்தில் சொன்னாலும், சோல்டரில் பெரும்பகுதி வெள்ளீயம்தான். பழைய வகையில் 63 விழுக்காடு வெள்ளீயமும் 37 விழுக்காடு காரீயமும் இருக்கும்; அது 183 பாகை செல்சியசில் உருகும். காரீயம் இல்லாத இன்றைய வகைகள் சுமார் 217 பாகையில் உருகத் தொடங்கும். உருகிய வெள்ளீயம் தாமிரத்தோடு வினைபுரிந்து நடுவில் மெல்லிய கலவைப் படலம் ஒன்றை உண்டாக்குகிறது. ஆகவே இது வெறும் பசை ஒட்டு இல்லை. வேதியியல் பிணைப்பு. மின்சுற்றுப் பலகையில் நூற்றுக்கணக்கான பாகங்களைப் பிடித்து வைத்திருப்பது இதுதான். இதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

ஆனால் இழைக்கம்பியில் ஈயம் வைக்கும்போது ஒரு தொல்லை வருகிறது. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, உருகிய ஈயம் இழைகளுக்கு நடுவே உறைக்குள் ஏறிவிடும். நுண்புழை ஏற்றம் என்று நீங்கள் படித்தது இதுதான். ஈயம் ஏறிய பகுதி விறைத்துப் போகும். ஏறாத பகுதி வளைந்து கொடுக்கும். கம்பி ஆடும்போதெல்லாம் வளைவு முழுவதும் அந்த எல்லைக் கோட்டில் விழும். ஒரு காகித கிளிப்பை ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வளைத்தால் என்ன ஆகும்? அதேதான் இங்கும். ரோபோவின் கை நாளுக்கு நூறு முறை மேலும் கீழும் போனால், அந்தக் கோட்டில் இழைகள் ஒவ்வொன்றாக அறுபடும். வெளியே உறை நன்றாகத்தான் இருக்கும்.

இரண்டாவது தொல்லை, ஈயம் மென்மையானது. தொடர்ந்து அழுத்தம் கொடுத்தால் அது மெல்ல மெல்ல நழுவி ஓடும். முனையில் ஈயம் பூசிய கம்பியைத் திருகாணியின் கீழ் வைத்து இறுக்கினால், இன்று இறுக்கமாக இருக்கும். சில மாதங்கள் கழித்துத் திருகாணி தளர்ந்திருக்கும். யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். ஈயம் ஒதுங்கியிருக்கும். வீட்டு மின்சாதனங்களின் பாதுகாப்புக்கான ஐஇசி 60335-1 என்ற சர்வதேசத் தரவிதி, அழுத்திப் பிடிக்கும் முனைகளில் இழைகளை ஈயத்தால் ஒன்றாக்கக் கூடாது என்று சொல்கிறது. ஈயம் ஒதுங்கினாலும் தளராத வகையில் முனை அமைந்திருந்தால் மட்டும் விலக்கு.

சமாதானக் கட்சிக்கும் இதே பதில்தான். ஈயம் பூசிய இழைகளின் மேல் கிரிம்ப் அடித்தால், கருவி நசுக்குவது தாமிரத்தை மட்டுமல்ல, நழுவும் ஈயத்தையும்தான். விண்கலங்களின் மின்கம்பி இணைப்புகளுக்காக நாசா வகுத்த விதிகளில், சோல்டர் பூசிய இழைக்கம்பியைக் கிரிம்ப் செய்வது தடை செய்யப்பட்டிருக்கிறது. ராக்கெட் கிளம்பும்போது ஏற்படும் அதிர்வை எண்ணிப் பாருங்கள், காரணம் புரியும்.

சோல்டர் இரும்பு ஒன்று பிளக்குக்குள்

“ரோபோ நின்றால் நிற்கட்டுமே, போட்டிதானே போகும்” என்று நினைக்கலாம். ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். நம் வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட். 2,300 வாட் கேத்தல் 10 அம்பியர் மின்னோட்டம் எடுக்கும். அதன் வழியில் எங்காவது ஒரு தளர்ந்த இணைப்பு இருக்கிறது. அதன் மின்தடை 0.1 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்கினால் வெப்பத்திறன் கிடைக்கும். 10 × 10 × 0.1 = 10 வாட்.

பத்து வாட் குறைவாகத் தோன்றும். ஆனால் பள்ளிப் பட்டறையில் உள்ள சிறிய சோல்டர் இரும்பின் திறன் 25 அல்லது 30 வாட்தான். அதன் நுனி 300 பாகைக்கு மேல் சுடுகிறது. அதில் மூன்றில் ஒரு பங்கு திறன், பட்டாணி அளவு இடத்தில், காற்றோட்டமில்லாத பிளக்குக்குள் அடைபட்டிருக்கிறது. சூட்டில் ஆக்சைடு கூடும். ஆக்சைடு கூடினால் மின்தடை கூடும். மின்தடை கூடினால் சூடு இன்னும் கூடும். பிளக் பழுப்பேறி உருகியிருப்பதைப் பார்த்தால், இந்தச் சுழற்சி எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

அமெரிக்காவில் இது ஒரு தலைமுறைக்கே பாடமானது. 1960-களின் நடுப்பகுதியில் தாமிரத்தின் விலை ஏறியதால், 1970-களின் தொடக்கம் வரை பல வீடுகளில் அலுமினியக் கம்பிகளைப் போட்டார்கள். அலுமினியம் விரைவில் ஆக்சைடு படியும் உலோகம்; திருகாணியின் கீழ் நழுவும் குணமும் அதற்கு உண்டு. 1972-க்கு முன் அலுமினியக் கம்பி போடப்பட்ட வீடுகளில், ஏதேனும் ஓர் இணைப்பு தீ அபாய நிலையை எட்டும் வாய்ப்பு தாமிரக் கம்பி வீடுகளைவிட 55 மடங்கு அதிகம் என்று அந்நாட்டு நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் எச்சரித்தது. அதே ஆணையம் பரிந்துரைத்த தீர்வுகளில் ஒன்று என்ன தெரியுமா? கிரிம்ப்! அலுமினியக் கம்பியோடு ஒரு தாமிரக் கம்பித் துண்டைச் சேர்த்து, சிறப்புக் கருவியால் மிக அதிக அழுத்தத்தில் நசுக்கி, உலோகங்களை ஒட்டவைக்கும் முறை அது. அந்தக் கருவியைப் பயிற்சி பெற்ற மின்பணியாளர்கள் மட்டுமே பயன்படுத்தலாம் என்ற கட்டுப்பாடும் உண்டு. மீண்டும் என் நிபந்தனைதான்: கருவி சரியாக இருக்க வேண்டும்.

சோடா மூடியும் துப்பாக்கித் தோட்டாவும்

நசுக்கிப் பிடிக்கும் உத்தி மின்சாரத்துக்கு மட்டும் சொந்தமில்லை. சோடா போத்தலின் பல் வைத்த மூடியை எடுத்துக்கொள்ளுங்கள். வில்லியம் பெயிண்டர் என்ற அமெரிக்கர் 1892-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். அப்போது மூடியில் 24 பற்கள், இன்று 21. போத்தலின் கழுத்தில் மூடியை வைத்து ஓரத்தை நசுக்கினால், உள்ளே வாயு எவ்வளவு தள்ளினாலும் அது கழலாது.

இன்னொரு களத்தில் இந்த விவாதம் நெடுங்காலமாக நடக்கிறது. அமெரிக்காவில் வேட்டைக்காரர்கள் சிலர் தங்கள் தோட்டாக்களைத் தாங்களே கோத்துக்கொள்வார்கள். நம் நாட்டில் உரிமமில்லாமல் தோட்டா வைத்திருப்பதே கடுங்குற்றம். நமக்கு வேண்டியது அதிலுள்ள இயற்பியல் மட்டும். 1873-இல் அமெரிக்கத் தரைப்படை ஏற்றுக்கொண்ட ‘.45-70’ போன்ற தோட்டாக்களின் பித்தளைக் கூடு கழுத்து ஒடுங்காமல் ஏறக்குறைய நேராக இருக்கும். அதன் வாயில் செருகிய குண்டைக் கூட்டின் பிடி மட்டும் காக்கட்டுமா, வாய் விளிம்பையும் உள்நோக்கி நசுக்க வேண்டுமா என்பதே அவர்களின் சர்ச்சை.

சில துப்பாக்கிகளில் தோட்டாக்கள் ஒரு குழாய்க்குள் ஒன்றன் பின் ஒன்றாக வரிசையில் நிற்கும். சுடும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கும். நிலைமம் காரணமாக வரிசையில் உள்ள தோட்டாக்கள் ஒன்றை ஒன்று மோதும். குண்டு கூட்டுக்குள் இறங்கிவிட்டால் உள்ளே இடம் குறையும். சுடும்போது அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறக்கூடும். எனவே அங்கே விளிம்பை, குண்டில் அதற்கென்றே வெட்டிய பள்ளத்துக்குள் நசுக்குகிறார்கள். ஒரே ஒரு தோட்டா மட்டும் கொள்ளும் துப்பாக்கியில் இந்த மோதல் இல்லை. அதனால் சிலர் நசுக்குவதே இல்லை.

இதில் நமக்கு இரண்டு பாடங்கள் உண்டு. ஒன்று, நசுக்க வேண்டுமா என்பதை அந்தப் பொருள் எத்தகைய உதையை வாங்கப் போகிறது என்பதுதான் தீர்மானிக்கிறது. இரண்டு, தளர்வான பொருத்தத்தை நசுக்கல் காப்பாற்றாது. பித்தளை சற்றே மீண்டு விரியும். காரீயக் குண்டு அப்படி மீளாது. ஆகவே அளவுக்கு மேல் நசுக்கினால், பிடி கூடுவதற்குப் பதிலாகத் தளர்ந்துவிடவும் கூடும். முதலில் பொருத்தம், பிறகுதான் நசுக்கல். பெரிய முனைக்குள் மெல்லிய கம்பியை விட்டு இறுக்க நினைக்கும் நம் ரோபோ மன்றத்துக்கும் இது பொருந்தும்.

மறுதரப்பு என்ன சொல்லும்?

“நல்ல கிரிம்ப் கருவி விலை கூடுதல்” என்பார்கள். உண்மைதான். ஆனால் ஒரு மன்றத்துக்கு ஒன்று போதும். பல ஆண்டுகள் உழைக்கும். அடிக்கடி அறுந்து தூக்கி எறியும் கம்பிகளுக்கும், வீணாகும் மாலை நேரங்களுக்கும் விலை இல்லையா?

“கிரிம்ப் அடித்தால் பிரிக்க முடியாது” என்பார்கள். அதுவும் உண்மை. கம்பியைச் சற்று நீளமாக விட்டு வையுங்கள்; தவறினால் முனையை வெட்டிவிட்டுப் புதிதாக அடியுங்கள்.

“ஈயம் வைப்பது கைத்திறன், மாணவர்கள் அதைக் கற்க வேண்டாமா?” இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். கட்டாயம் கற்க வேண்டும். மின்சுற்றுப் பலகையில் கற்கட்டும். ஈயத்தைக் கோப்பை போன்ற குழிக்குள் வாங்குவதற்கென்றே செய்த இணைப்பான்களிலும் கற்கட்டும். ஆடும் கம்பியின் மேல் மட்டும் வேண்டாம்.

“கிரிம்பின் உள்ளே என்ன இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாதே” என்பது வலுவான வாதம். ஆனால் ஈயத்தின் உள்ளேயும் எல்லாம் தெரிந்துவிடுவதில்லை. ஜெனிவா அருகே செர்ன் ஆய்வகத்தின் மாபெரும் துகள் மோதுவியில் 2008 செப்டம்பர் 19 அன்று நடந்ததைக் கேளுங்கள். இரண்டு காந்தங்களை இணைக்கும் சோல்டர் இணைப்பு ஒன்றில் குறை இருந்தது. ஒரு நானோ ஓமுக்கும் குறைவாக இருக்க வேண்டிய மின்தடை, சுமார் 220 நானோ ஓம் இருந்ததாகப் பின்னர் மதிப்பிட்டார்கள். 8,700 அம்பியர் ஓடியபோது, மேலே போட்ட அதே கணக்குப்படி, அங்கே பிறந்த வெப்பம் சுமார் 17 வாட்தான். ஆனால் சுற்றிலும் மைனஸ் 271 பாகைக் குளிரில் இயங்கும் மீக்கடத்தி. இணைப்பு உருகியது, ஏறத்தாழ 6 டன் ஹீலியம் வெளியேறியது, 53 காந்தங்களை வெளியே எடுக்க வேண்டியதாயிற்று. இயந்திரம் மீண்டும் இயங்கியது 2009 நவம்பரில்தான்.

இதை வைத்து ஈயம் மோசம் என்று நான் வாதாடப் போவதில்லை. அங்கே அதே முறையில் செய்த ஆயிரக்கணக்கான இணைப்புகள் தாங்கி நின்றன. நான் சொல்ல வருவது வேறு: எந்த முறையானாலும், சோதிக்காத இணைப்பை நம்பக் கூடாது.

நீங்கள் செய்யக்கூடியது

கிரிம்பைச் சோதிப்பது எளிது. மின்சாரத்தோடு சேராத கம்பித் துண்டு ஒன்றில் முனை அடியுங்கள். முனையைப் பிடித்துக்கொண்டு, கம்பியின் மறுமுனையில் ஒரு லிட்டர் தண்ணீர்ப் போத்தலைத் தொங்கவிடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. இழுவிசை சுமார் 10 நியூட்டன். ஒரு நிமிடம் தாங்குகிறதா பாருங்கள். அதே வகைக் கம்பியில் பிளேயரால் நசுக்கியதையும் தொங்கவிட்டு ஒப்பிடுங்கள். பிறகு ஒரு கிரிம்பைக் குறுக்காக வெட்டி உருப்பெருக்கியில் பாருங்கள். சந்து தெரிகிறதா? இழைகள் எல்லாம் உள்ளே வந்தனவா? முனையின் பின்சிறகுகள் உறையைப் பிடித்திருக்கின்றனவா? அந்தப் பின்சிறகுகள்தான் கம்பி ஆடும்போது ஏற்படும் வளைவைத் தாங்குகின்றன.

ஆனால் 230 வோல்ட் கம்பிகளை நீங்கள் தொட வேண்டாம். அது தகுதி பெற்ற மின்பணியாளரின் வேலை. உங்கள் பங்கு, பழுப்பேறிய பிளக்கையும் சூடாகும் சொக்கெட்டையும் கண்டால் உடனே அப்பா அம்மாவிடம் சொல்வது.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ரோபோ போட்டிக்கான பயிற்சியில் நிரலுக்கும் வடிவமைப்புக்கும் புள்ளி கொடுக்கிறோம். கம்பி முனைகளுக்கும் ஒரு புள்ளி கொடுங்கள். இழுத்துப் பார்த்துக் கொடுங்கள். ஒரு மாணவன் நாளை விமானம் பழுது பார்க்கலாம்; ஒரு மாணவி மருத்துவமனைக் கருவிகளைப் பராமரிக்கலாம். அங்கே கம்பியை ஆட்டிப் பார்த்துச் சரிசெய்ய நேரம் இருக்காது.

அடுத்த வாரம் மன்றக் கூட்டத்தில் எந்தக் கட்சியில் வேண்டுமானாலும் சேருங்கள். ஆனால் வாதத்தைத் தொடங்குமுன் ஒரு போத்தல் தண்ணீரை எடுத்துச் செல்லுங்கள். எந்த இணைப்பு தாங்குகிறது என்பதை அதுவே காட்டட்டும்.